ஆர்கான் முறையில் பாறையின் வயது: எந்தக் கனிமத்தைப் பொறுக்குவது?

பொட்டாசியத்தின் கதிரியக்க வகையான பொட்டாசியம்-40 மெல்லச் சிதைகிறது. அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. சிதைவதில் ஏறத்தாழ 11 சதவீதம்தான் ஆர்கான்-40 ஆகும், மீதி கால்சியமாகிவிடும். கனிமத்துக்குள் சேர்ந்த ஆர்கானையும் மிஞ்சிய பொட்டாசியத்தையும் ஒப்பிட்டுத்தான் வயதைக் கணக்கிடுகிறோம். ஆர்கான் மந்த வாயு. யாரோடும் பிணையாமல் படிகத்தின் இடுக்கில் சும்மா கிடக்கும், சூடு ஏறினால் நழுவி வெளியேறும். எந்தச் சூட்டில் என்பது கனிமத்துக்குக் கனிமம் மாறும்.

படி 1: லென்ஸை எடுங்கள். கருப்பான மணியை ஊசியால் நெம்பினால் தாள் தாளாக உரிகிறதா? அது பயோடைட் என்ற கருப்பு மைக்கா. உரியாமல் குச்சி போல நீண்டு, 60 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்த இரு பிளவுகள் தெரிந்தால் ஹார்ன்பிளெண்ட். குவார்ட்ஸை விட்டுவிடுங்கள், அதில் பொட்டாசியம் இல்லை.

படி 2: மூடும் வெப்பநிலையைப் பாருங்கள். அதற்குக் கீழே குளிர்ந்த பிறகுதான் ஆர்கான் உள்ளே தங்கும். ஹார்ன்பிளெண்டுக்கு ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ், வெள்ளை மைக்காவான மஸ்கோவைட்டுக்கு 400ஐ ஒட்டி, பயோடைட்டுக்கு 300 வாக்கில். மணியின் அளவும் குளிர்ந்த வேகமும் இதைக் கொஞ்சம் நகர்த்தும். பயோடைட்டிலேயே இரும்பு கூடியது ஆர்கானைச் சீக்கிரம் விடும், மக்னீசியம் கூடியது இறுக்கிப் பிடிக்கும். அதனால் வேதிப் பகுப்பாய்வைத் தவிர்க்காதீர்கள்.

படி 3: எரிமலைப் பாறையா? பொட்டாசியம் நிறைந்த சானிடைன் என்ற ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைத் தேடுங்கள். வெசுவியஸ் கி.பி. 79இல் கக்கிய நுரைக்கல்லில் இருந்த சானிடைனை 1997இல் இந்த முறையின் மேம்பட்ட வடிவமான ஆர்கான்-ஆர்கான் முறையில் அளந்தபோது 1925 ஆண்டு என்று வந்தது. உண்மையில் 1918! பிழை எல்லை 94 ஆண்டுதான். கிரானைட்டில் இருக்கும் மைக்ரோக்ளினும் கிட்டத்தட்ட அதே சேர்மானம்தான், ஆனால் அதன் அணு அடுக்கு வேறு, உள்ளே நுண்பிளவுகளும் அதிகம். ஆர்கானைக் கசியவிடும். வேதி வாய்பாட்டை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவோம்.

படி 4: பயோடைட்டின் ஓரம் பச்சையடித்துக் குளோரைட் என்ற வேறு கனிமமாக மாறியிருந்தால் அந்த மணியை ஒதுக்குங்கள்.

படி 5: ஒரே பாறையில் இரண்டு கனிமங்களின் வயதை அளவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் படிதான் உயிர்நாடி. அமெரிக்காவின் கொலராடோவில் எல்டோரா என்ற இடத்தில், 100 கோடி ஆண்டுக்கும் மூத்த பாறைக்குள் 5, 6 கோடி ஆண்டுக்கு முன் பாறைக்குழம்பு புகுந்தது. ஸ்டான்லி ஹார்ட் 1964இல் வெளியிட்ட ஆய்வில், இரு பாறைகளும் தொடும் எல்லையிலிருந்து வெகுதூரம் வரை பயோடைட் ஆர்கானை இழந்திருந்தது. ஹார்ன்பிளெண்டோ அந்த எல்லையை ஒட்டி மட்டுமே இழந்திருந்தது. உங்கள் பாறையிலும் ஹார்ன்பிளெண்ட் மூத்ததாகவும் பயோடைட் இளையதாகவும் வந்தால், பாறை மெதுவாகக் குளிர்ந்ததா, பின்னொரு சமயம் சூடுபட்டதா என்று அடுத்துத் தேடுங்கள்.