உதகை–மேட்டுப்பாளையம் இருவழி லேம்டா: போகும்போதே திரும்பும் வழியைக் கேளுங்கள்

சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். வண்டிக்கு அது சரி. ஃபைபரில் ஓடும் லைட்டுக்கு (லேம்டா, அதாவது ஒரு அலைநீளத்தில் போகும் ஒளிக்கு) அப்படிச் செய்தால் போக்குக்கும் வரத்துக்கும் தாமதம் வேறுபடும். ஒரு பக்கம் ஃபைபர் அறுந்தால் மறுபக்கம் வீணாகக் கிடக்கும். ஜிஎம்பிஎல்எஸ் (ஒளி நெட்வொர்க்கில் பாதைகளைத் தானாக அமைக்கும் நெறிமுறைத் தொகுப்பு) இரண்டு திசையையும் ஒரே பாதையில், ஒரே சிக்னலிங் சுற்றில் அமைக்கிறது. 2003-ல் வந்த ஆர்எஃப்சி 3473 என்ற இணையத் தர ஆவணத்தில் முறை இருக்கிறது.

உதாரணத்துக்கு மூன்று நோடு (நெட்வொர்க் கருவி உள்ள இடம்): உதகை தொடங்குகிறது, நடுவில் குன்னூர், முடிவு மேட்டுப்பாளையம். ஃபைபர் ஜோடியாக ஓடுகிறது. குன்னூரில் அலைநீளம் மாற்றும் கருவி இல்லை, அதனால் வழிநெடுக ஒரே லேம்டாதான். கன்ட்ரோல் சேனலும் (சிக்னலிங் மெசேஜ் போகும் வழி) ரூட்டிங்கும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். ஃபயர்வாலில் ஐபி புரோட்டோகால் 46 திறந்திருக்க வேண்டும்; டிசிபி, யுடிபி மட்டும் திறந்தால் ஆர்எஸ்விபி (ஜிஎம்பிஎல்எஸ் இங்கே பயன்படுத்தும் சிக்னலிங் நெறிமுறை) போகாது.

1. உதகையிலிருந்து பாத் மெசேஜ் (பாதை கேட்கும் ஆர்எஸ்விபி மெசேஜ்) அனுப்புங்கள். லேபிள் ரிக்வெஸ்டில் என்கோடிங் 8 (லேம்டா), ஸ்விட்சிங் வகை 150. கூடவே அப்ஸ்ட்ரீம் லேபிள் ஆப்ஜெக்ட்: வரத்துத் திசைக்கு எந்த லேம்டா என்று சொல்லும் பகுதி. அது இருந்தாலே இருவழி என்று அர்த்தம், தனியாக எந்தக் கொடியும் (ஃப்ளாக்) கிடையாது.

2. லேபிள் எண்ணைப் போடுங்கள், எந்த லேம்டா என்று குறிப்பது அதுதான். பலரும் சறுக்குவது இங்கேதான். ஆர்எஃப்சி 6205-இன்படி லேபிள் 32 பிட்: கிரிட் (அலைநீள வரிசையின் வகை) 3 பிட், இடைவெளி 4 பிட், அடையாளம் 9 பிட், மிச்சம் 16 பிட்டில் ‘என்’ (n) என்ற எண். அதிர்வெண் = 193.1 டெராஹெர்ட்ஸ் + என் × இடைவெளி. 193.5 வேண்டுமென்றால் 50 கிகாஹெர்ட்ஸ் கிரிட்டில் என் = 8, ஹெக்ஸில் 24000008. 100 கிகாஹெர்ட்ஸில் என் = 4, ஹெக்ஸில் 22000004. ஒளி ஒன்றேதான், எண் வேறு. ஒரு முனையில் 50, மறுமுனையில் 100 என்று வைத்தால் ஒன்றையொன்று ஏற்காது. என் மைனஸாகவும் வரும்: 50 கிகாஹெர்ட்ஸ் கிரிட்டில் 192.7-க்கு −8. ஸ்கிரிப்டில் அது 65528 என்று தெரிந்தால் குறியை விட்டுவிட்டீர்கள்.

3. குன்னூர் உள்ளே கிராஸ்கனெக்டை (வரும் ஃபைபரை வெளியே போகும் ஃபைபரோடு இணைப்பதை) முடித்துவிட்டுத்தான் பாத்தை முன்னே தள்ள வேண்டும். பாத் கைக்கு வந்த நொடியே மேட்டுப்பாளையம் உதகைக்கு டேட்டா அனுப்பலாம், ரெஸ்வ் (பாத்துக்கு அது அனுப்பும் பதில் மெசேஜ்) உதகைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குன்னூர் தாமதித்தால் முதல் டேட்டா அங்கேயே தொலையும்.

4. மேட்டுப்பாளையத்திலிருந்து ரெஸ்வ் திரும்பும். அது உதகைக்கு வந்ததும் போக்குத் திசையும் தயார்.

பாத்எரர் (பாத் தோற்றதைச் சொல்லும் மெசேஜ்) 24, உபகோடு 6 வந்தால் அந்த லேபிளை அடுத்த நோடு ஏற்கவில்லை. கூடவே அக்செப்டபிள் லேபிள் செட் (அந்த நோடு ஏற்கும் லேபிள்களின் பட்டியல்) வந்திருந்தால் அதிலிருந்து எடுத்து மறுபடி அனுப்புங்கள். பாத்தில் நாம் வைக்கும் லேபிள் செட் (அனுமதித்த லேபிள்களின் பட்டியல்) போக்குத் திசையை மட்டுமே கட்டுப்படுத்தும், வரத்துக்கு அது உதவாது. உபகோடு 9 என்றால் எதிரெதிரே வந்த இரண்டு பாத்கள் ஒரே லேபிளைக் கேட்டிருக்கலாம். நோடு ஐடி பெரியது ஜெயிக்கும், மற்றது வேறு லேபிள் தேட வேண்டும். தடம் பார்க்க வயர்ஷார்க்தான் (நெட்வொர்க் மெசேஜ்களைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) என் தேர்வு. கருவியின் டீபக் லாகைவிட ஆப்ஜெக்ட்கள் அதில் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

பின்சேர்க்கை: எந்த லேம்டா காலி என்று உதகைக்குத் தெரியாவிட்டால், 2018-இன் ஆர்எஃப்சி 8359 ஆதரிக்கும் கருவியில் 32 பிட்டையும் 1 என்று வைத்து அப்ஸ்ட்ரீம் லேபிளை அனுப்புங்கள். கீழ்முனை (மேட்டுப்பாளையம்) தேர்ந்து ரெஸ்வில் சொல்லும்.

இன்னொன்று: இணைப்பை எடுக்கும்போது நேராக பாத்டேர் (இணைப்பைக் கலைக்கும் மெசேஜ்) அனுப்பாதீர்கள். ஒளி திடீரென அணைந்தால் அலாரம் எழும்பும். முதலில் அட்மின் ஸ்டேட்டஸ் ஆப்ஜெக்டில் ஆர் (பதில் கேட்பது), டி (நீக்கப்போவதைச் சொல்வது) பிட்களை வைத்து பாத் அனுப்புங்கள். டி பிட்டோடு ரெஸ்வ் திரும்பிய பிறகே பாத்டேர்.