றீலின் கைபிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

மீன்பிடித் தடியில் நூலைச் சுற்றுகிற கருவிதான் றீல். வலது கையால் எறிகிற ஆளுக்கு ஸ்பின்னிங் றீலின் கைபிடி இடப்பக்கம் இருக்க வேண்டும். இடது கையால் எறிகிற ஆளுக்கு வலப்பக்கம். இதைச் சொன்னதும், நான் மாற்றிச் சொல்கிறேன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சின்னதாக ஒரு திருத்தக்கடை வைத்திருக்கிறேன். முக்கால்வாசி சைக்கிள், மிச்சம் றீல். புது றீலோடு வருகிற பெடியள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "அண்ணை, இது இடக்கை ஆக்களின்ரை றீல் போல கிடக்கு. கைபிடியைச் சோத்துக்கைப் பக்கம் மாத்தித் தாங்கோ." மாற்றிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அதற்கு முன் தடியைக் கையில் கொடுத்து, கடை வாசலில் நின்று எறிவதுபோல் ஒருதரம் காட்டச் சொல்லுவேன். காட்டி முடிக்கும்போது பாதிப்பேர் தாங்களாகவே "சரி, அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த எறிதலில் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஸ்பின்னிங் றீல் தடிக்குக் கீழே தொங்கும். வலது கை, றீலைத் தடியோடு இணைக்கிற காலை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் வைத்துப் பிடிக்கிறது. இடது கை கைபிடியைக் கொஞ்சம் உருட்டி, நூல் ஓடுகிற சின்ன உருளையை மேலே, சுட்டுவிரலுக்கு நேராகக் கொண்டுவருகிறது. வலது சுட்டுவிரல் நூலைக் கொளுவிப் பிடிக்க, நூல் சுற்றியிருக்கிற ஸ்பூலுக்கு முன்னால் உள்ள வளைகம்பியை இடது கை திறக்கிறது. எறிந்து, தடி முன்னால் வரும்போது விரலை விட்டால் நூல் ஓடும். இரை தண்ணீரில் விழுந்ததும் இடது கையே வளைகம்பியை மூடிச் சுற்றத் தொடங்குகிறது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை வலது கை தடியை விடவே இல்லை. வளைகம்பியைக் கையால் மூடுங்கள். கைபிடியைச் சுற்றியும் மூடலாம்தான். ஆனால் அப்படி மூடும்போது தளர்ந்த நூல் ஸ்பூலில் வளையமாகச் சுற்றுப்படும், அடுத்த எறிதலில் அதுவே முடிச்சாக வெளியே வரும்.

இப்போது கைபிடி வலப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் எறிந்து, இடது கைக்குத் தடியை மாற்றி, பிறகுதான் சுற்ற வேண்டும். அந்த ஒரு விநாடியில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பார்கள். நகரத்தைத் தீவுப்பகுதியோடு இணைக்கிற பண்ணைப் பாலத்தில் நின்று செயற்கை இரை எறிந்தவர்களுக்குத் தெரியும். நமது கடல்நீரேரி ஆழம் குறைந்தது, அடியெல்லாம் சாதாளை. எறிந்த இரை விழுந்த கணமே ஓடத் தொடங்காவிட்டால் அடிக்குப் போய்ச் சாதாளையை அள்ளிக்கொண்டுதான் வரும். பாரையும் சீலாவும் இரை விழுந்த சத்தத்துக்கே பாய்ந்து வருகிற மீன்கள். அவை கடிக்கும்போது தடி இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தால் முள் கொளுவாது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் பெரிது. எங்களில் பலர் கைத்தூண்டிலில் பழகியவர்கள். தங்கூசி நூலை வலது சுட்டுவிரலில் போட்டு, ஓரா தட்டுகிறதா, மணலை இழுக்கிறதா என்று விரலாலேயே அறிந்தவர்கள். அந்த உணர்வு எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கையில்தான் தடி இருக்க வேண்டும். சுற்றுவது சும்மா ஒரு வட்டம். மீன் தட்டுவதை உணர்வதும், தடியைச் சாய்த்து அதைத் திருப்புவதும், பாலத்தின் தூணைச் சுற்றப்போகிற மீனைத் தடுப்பதும் தடி பிடித்த கையின் வேலை. கெட்டிக்காரக் கையை ஏன் வட்டம் சுற்ற விடுகிறீர்கள்?

எறிகிற கை எது என்று கண்டுபிடிக்க எழுதுகிற கையைப் பார்க்காதீர்கள். ஏடு தொடக்கிய நாளிலிருந்து இடக்கைப் பிள்ளைகளை வலது கைக்கு மாற்றிப் பழக்கிய வீடுகள் இங்கே நிறைய. வலது கையால் எழுதி, வலது கையால் சாப்பிட்டு, கல்லை மட்டும் இடது கையால் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்லை எடுத்து யோசிக்காமல் எறியுங்கள். எறிந்த கைதான் உங்கள் தடிக்கை. சின்னப் பிள்ளைக்குத் தடி வாங்கிக் கொடுப்பவர்கள் இந்தச் சோதனையை வீட்டுவளவிலேயே செய்துவிடுங்கள். பிறகு அந்தப் பிள்ளையை "மற்றக் கையால் பிடி" என்று திருத்தாமல் விடுங்கள்.

கைபிடியை மாற்றுவது எப்படி? ஸ்பின்னிங் றீல்களில் இரண்டு வகைதான் அதிகம். ஒன்றில், கைபிடிக்கு எதிர்ப்பக்கம் ஒரு மூடி அல்லது திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் கைபிடி மறுபக்கமாக உருவிக்கொண்டு வரும். அதை எதிர்த்துளையில் நுழைத்து, மூடியைப் பழைய கைபிடி இருந்த பக்கம் போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. மற்ற வகையில் கைபிடியே மரையோடு நேராக உள்ளே திருகப்படுகிறது. ஸ்பூலைச் சுற்றி ஓடுகிற சுற்றுத்தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கைபிடியை நூல் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் கழன்றுவரும். இந்த வகையில் ஒரே தண்டில் இரண்டு தடிப்பில் இரண்டு மரைகள் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஒன்று வலப்பக்கத்துக்கு, மற்றது இடப்பக்கத்துக்கு. ஒரு பக்கத்தின் மரை வழக்கத்துக்கு எதிராகத் திரும்பும். இறுகவில்லை என்று குறடு போட்டு நெரித்து மரையைத் தேய்த்துக்கொண்டு வருகிற றீல்கள்தான் என் மேசையில் கிடப்பவற்றில் அதிகம். விரலால் திரும்பாவிட்டால் திசை பிழை, அல்லது பக்கம் பிழை. குறடு தேவையே இல்லை.

மாற்றும்போது மரைக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். மூடியைத் தொலைத்தால் "பரவாயில்லை" என்று அப்படியே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் துளை வழியாக உப்புத் தண்ணீர் நேராக பெயாரிங்குக்குப் போகும். அடுத்த மாதம் றீல் கரகரவென்று சத்தம் போடும். கைபிடி எந்தப் பக்கம் இருந்தாலும் சுற்றுகிற திசை ஒன்றுதான், மேலே வரும்போது உங்களைவிட்டு முன்னோக்கிப் போக வேண்டும். புதிதாக மாற்றியவர்கள் பழக்கதோஷத்தில் பின்னோக்கிச் சுற்றி, நடுக்கடலில் கைபிடி கழன்று விழுந்ததாக வந்து சொல்வதுண்டு.

தடியின் மேலே உட்காருகிற றீல் வேறு கதை. பெயிற்காஸ்ரர் என்றும் மல்ரிபிளையர் என்றும் சொல்கிறோமே, அவற்றில் பல்சக்கரமும், நூலின் இழுவையை இறுக்குகிற நட்சத்திரத் திருகும், கைபிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கிற அமைப்பும் எல்லாம் ஒரே பக்கம் கட்டப்பட்டிருக்கும். கைபிடியை மற்றப் பக்கம் மாற்ற முடியாது. வாங்கும்போதே சரியான பக்கம் வாங்க வேண்டும். ஷிமானோவில் மொடல் இலக்கத்தைப் பாருங்கள்: 150, 200 என்று இரட்டையில் முடிந்தால் வலப்பக்கக் கைபிடி, 151, 201 என்று ஒற்றையில் முடிந்தால் இடப்பக்கம். டைவாவில் பெரும்பாலும் மொடல் பெயரின் கடைசியில் எல் எழுத்து இருந்தால் இடப்பக்கம்.

இந்த றீலில் எறிகிற கையின் பெருவிரல்தான் பிரேக். இரை தண்ணீரைத் தொடும்போது பெருவிரல் ஸ்பூலை அமர்த்தாவிட்டால் நூல் குருவிக்கூடாகிவிடும். வலது கையால் எறிந்து, வலப்பக்கக் கைபிடியைச் சுற்றுகிறவர்கள் இரை பறந்துகொண்டிருக்கும்போதே தடியை இடது உள்ளங்கைக்கு மாற்றிவிடுவார்கள். பழகியவர்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் எதற்கு அந்தக் கூத்து? வலது கையால் எறிவீர்களென்றால் இடப்பக்கக் கைபிடி வாங்குங்கள். இடப்பக்கக் கைபிடி என்றால் இடக்கைக்காரருக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பிரான்சில் செய்த பழைய மிச்சல் 300 ஸ்பின்னிங் றீல் இடப்பக்கக் கைபிடியோடுதான் உலகமெல்லாம் விற்றது. வலப்பக்கம் வேண்டியவர்களுக்கு 301 என்று தனியாக விட்டார்கள்.

என் பேச்சை நானே மறுக்கிற இடம் ஒன்று உண்டு. பருத்தித்துறை, மயிலிட்டிப் பக்கத்திலிருந்து வெளிக்கடலுக்குப் போய், படகை ஓடவிட்டு அறக்குளாவுக்கு இழுப்பவர்கள் பெரிய மல்ரிபிளையரை வலது கையால்தான் சுற்றுகிறார்கள். அவர்கள் செய்வது சரி. அங்கே எறிதல் என்பதே இல்லை. தடியின் அடி இடுப்புப் பட்டியில் ஊன்றியிருக்கும், இடது கை தடியைத் தாங்கினால் போதும். அதன் பெருவிரல் நூலை ஸ்பூலில் இடமும் வலமுமாகப் பரப்பிவிடும். பாரமான மீனை நெடுநேரம் சுற்றி ஏற்ற வேண்டியிருப்பதால் பலமுள்ள கை கைபிடியில் இருப்பதுதான் நியாயம். கசூரினாக் கடற்கரையில் தடியை மணலில் நட்டுவிட்டு இரையோடு காத்திருப்பவர்களுக்கும் எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயமில்லை.

இடது கையால் சுற்ற வராது என்பவர்கள் கிணற்றடிக்குப் போங்கள். ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, நூலில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குங்கள். தண்ணீருக்கு மேலே தொங்கட்டும், ஒன்றரைக் கிலோ பாரம். இப்போது தூக்குங்கள். கைபிடியைச் சுற்றியே இழுத்தெடுக்கப் பார்த்தால் எந்தக் கையும் களைத்துவிடும், றீலின் பல்லும் தேயும். தடியை மெல்ல உயர்த்துங்கள், தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். பாரத்தைத் தூக்குவது தடியும் முதுகும்தான், கைபிடி தளர்ந்த நூலைச் சேர்க்கிறது, அவ்வளவே. இதை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தால் இடது கை பலவீனம் என்ற பயம் போய்விடும்.

பலத்தைவிட ஒழுங்குதான் இடது கைக்குக் கஷ்டம். தொடக்கத்தில் தோளிலிருந்து முழுக் கையையும் சுற்றுவார்கள், தடியின் நுனி ஆடும், இரையும் அதோடு சேர்ந்து குதிக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, குமிழைப் பெருவிரலும் இரண்டு விரலும் மட்டும் பிடித்து, மணிக்கட்டால் சின்ன வட்டம் போடுங்கள். நுனி ஆடாமல் நிற்கும்வரை மெதுவாகவே சுற்றுங்கள். இரவு செய்தி பார்த்துக்கொண்டே இரையில்லாமல் பழகலாம். புதிதாக வாங்குவதானால், சுற்றுவிகிதம் 5.2:1 அளவில் உள்ளதை எடுங்கள். அதாவது கைபிடி ஒருதரம் சுற்றினால் தலை 5.2 தரம் சுற்றும். 6.2:1 வேகமாக இழுக்கும், ஆனால் பாரம் வந்தால் கைபிடி கனக்கும்.

காற்றையும் கை பார்த்துத்தான் நிற்க வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தில் தெற்குப் பக்கம் பார்த்து நின்றால் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். வலது தோளுக்கு மேலால் எறிகிறவருக்கு அது இரையையும் மூன்று முள்ளையும் தலைப் பக்கமாகத் தள்ளும். இடது கையால் எறிகிறவருக்கு அங்கே பயமில்லை. வலக்கைக்காரர் வடக்குப் பக்கம் மாறி நிற்பது நல்லது, வடகிழக்கிலிருந்து வருகிற வாடைக்காற்றில் இதற்கு எதிர்மாறு. மாறி நிற்க இடமில்லாவிட்டால் கைகளை மாற்றாமலே தடியை இடது தோளுக்கு மேலாகக் கொண்டுபோய் எறியலாம். தூரம் குறையும், காது தப்பும். எந்தப் பக்கம் நின்றாலும் தடியைப் பின்னால் கொண்டுபோகுமுன் வீதியைப் பாருங்கள். தீவுப்பகுதிக்குப் போகிற பஸ்ஸும் மோட்டார்சைக்கிளும் முதுகுக்குப் பின்னால்தான் ஓடுகின்றன.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் விடுமுறைக்கு வரும்போது றீல் கொண்டுவரக் கேட்டால், "நல்லதா ஒண்டு பாத்து வாங்கியாங்கோ" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்பின்னிங் என்றால் எதுவென்றாலும் பரவாயில்லை, இங்கே மாற்றிக்கொள்ளலாம். தடியின் மேலே உட்காருகிற றீல் என்றால் காசு கொடுக்குமுன் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்: றீல் மேலே இருக்க, தடியின் நுனி கடலைப் பார்ப்பதுபோல் முன்னால் நீண்டிருக்க, பின்னால் நின்று எடுத்த படம். அந்தப் படத்தில் கைபிடி எந்தப் பக்கம் தெரிகிறதோ அதுதான் கைபிடியின் பக்கம். பெட்டியின் முன்பக்கப் படத்தை நம்ப வேண்டாம். ஒரே படத்தை இரண்டு பக்க றீலின் பெட்டிக்கும் போட்டுவிடுகிறார்கள்.