பயிருக்கு உயிர் உரம்: நன்மை செய்யும் மண் பாக்டீரியாக்களை இடும் முறை

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் பயிர்களால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுத்து, ஈடாகச் செடியிடமிருந்து மாவுச்சத்தின் ஆற்றலைப் பெறுகிறது. 1888-இல் டச்சு அறிவியலாளர் பெய்ஜெரிங்க் முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டிய இந்த நுண்ணுயிர்தான் இன்று உயிர் உரமாகக் கிடைக்கிறது. உறைக்குள் இருப்பவை உயிருள்ளவை என்பதால், வெயிலும் நஞ்சும் காலதாமதமும் அவற்றைக் கொன்றுவிடும்.

முதலில் பயிருக்கு உரிய பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோயாவுக்கான ரைசோபியம் கொண்டைக்கடலையில் பயன் தராது. ஆகவே உறையில் பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. வேர் முடிச்சு உண்டாகாத தானியப் பயிர்களுக்கு அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியா ஏற்றது. அது நிலைப்படுத்தும், அதாவது காற்றிலிருந்து பிடித்துத் தரும், நைட்ரஜன் ரைசோபியம் தருவதைவிடக் குறைவே. வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து பக்க வேர்களைப் பெருக்குவதையே அதன் முதன்மைப் பயனாக நான் கருதுகிறேன். பாஸ்போபாக்டீரியா கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கிறது. மண்ணில் இல்லாத மணிச்சத்தை அதனால் உண்டாக்க முடியாது.

விதை நேர்த்திக்கு, தூள் வடிவ உரமாயின் 10 கிலோ விதைக்கு 200 கிராம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. உறையில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ள வேண்டும். நன்றாக ஆறிய வெல்லக் கரைசலில் அல்லது கஞ்சியில் தூளைக் குழைத்து, விதைத்தோல் உரியாதபடி மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக் கொல்லியும் தேவைப்பட்டால் அதை முன்னதாகவே விதையில் கலந்து, உயிர் உரத்தைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். செம்பு அல்லது பாதரசம் கலந்த மருந்து பட்ட விதைக்கு உயிர் உரத்தைச் சேர்ப்பது வீண். அத்தகைய நிலையில் மக்கிய தொழு உரத்தோடு உயிர் உரத்தைக் கலந்து, ஈரமுள்ள மண்ணில் மாலை வேளையில் இடுவதே நல்லது. நாற்று நடும் பயிராயின், நடுவதற்கு முன் வேர்களை உயிர் உரம் கலந்த நீரில் அரை மணி நேரம் நனைக்கலாம்.

பாக்டீரியா நிலைக்க மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் ரைசோபியம் தழைக்காது என்பதால், மண் பரிசோதனையின்படி முன்கூட்டியே சுண்ணாம்பு இட வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். இந்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது. மாலிப்டினம் பற்றாக்குறை இருந்தாலும் நைட்ரஜன் நிலைப்படுத்தல் தளரும்.

பலன் கிடைத்ததா என்பதை இலையின் பசுமையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பூக்கும் தறுவாயில் சில பயறுச் செடிகளைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசி, முடிச்சுகளை நறுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், லெக்ஹீமோகுளோபின் என்னும் நிறமி அங்கே இருப்பதையும் முடிச்சு வேலை செய்வதையும் அது காட்டும். வெளுத்தோ பச்சையாகவோ உள்ளவை நைட்ரஜனைத் தருவதில்லை. வயலில் ஒரு பட்டையை உயிர் உரம் இடாமல் விட்டு, இரண்டின் முடிச்சுகளையும் விளைச்சலையும் ஒப்பிட்டால், மண்ணிலேயே போதிய ரைசோபியம் இருக்கிறதா, அடுத்த பருவத்திலும் இட வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.