இடிந்த ஐரிஷ் கோபுர வீட்டைக் கணினியில் எழுப்பும்போது நடக்கும் தப்புகள்

15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை அயர்லாந்தில் வசதியான குடும்பங்கள் கட்டிக்கொண்ட உயரமான கல் வீடுகள்தான் கோபுர வீடுகள். பல இன்று பாதிச் சுவராக நிற்கின்றன. அதைப் பார்த்ததும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்து மீதிச் சுவரை ஏற்றத் தோன்றும், அங்கேதான் சறுக்கல்.

சுவரில் இருக்கும் துளைகளைப் படிக்காமல் மாடி போடுவதுதான் பெரிய தப்பு. எல்லாத் துளையும் உத்திரம் நின்ற துளை இல்லை, கட்டும்போது சாரக்கட்டை செருகிய துளையும் உண்டு. எதிரெதிர்ச் சுவரில் ஒரே மட்டத்தில் ஜோடி சேர்கிறதா, பக்கத்தில் தாங்குகல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கதவின் வாசற்படி அந்த உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே தளம். கல் வளைவுக் கூரையின் அடியில் குச்சித் தட்டியின் பின்னல் சாந்தில் பதிந்திருக்கும். அந்தத் தட்டியைப் பரப்பித்தான் மேலே கல்லை அடுக்கினார்கள். அதை மேடுபள்ளம் என்று நினைத்து மென்பொருளில் வழித்து விடாதீர்கள், பாவம்.

அளவு விஷயம். 1429இல் டப்ளினைச் சுற்றிய பகுதியில் கோபுரம் கட்டினால் 10 பவுண்டு மானியம் தரச் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரம். இதைப் படித்துவிட்டு, மேற்கு அயர்லாந்தில் இருக்கும் கிளேர், கால்வே மாவட்டக் கோபுரங்களுக்கும் அதே கணக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளக்க டேப் இருக்கிறதே! நானும் யோக்கியன் இல்லை: அளவுகோல் வைக்காமல் படமெடுத்து மாதிரி செய்தேன், அழகாக வந்தது, ஆனால் அந்தச் சுருள் படியில் ஏற ஒன்பது அடி ஆள் வேண்டியிருந்தது.

கட்டடம் முழுக்க ஒரே நாளில் முளைத்த மாதிரி காட்டுவதும் தப்பு. கிளேரில் உள்ள லெமனே கோட்டையில் 15ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை ஒட்டியே 17ஆம் நூற்றாண்டு மாளிகை நிற்கிறது, ஜன்னலைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எந்த ஆண்டைக் காட்டுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அப்புறம் வெளிச்சுவர். இன்று கல் தெரிகிறது என்பதால் அன்றும் வெறும் கல்தான் என்று விட்டுவிடுகிறார்கள். பல கோபுரங்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது, இடுக்கில் ஒட்டியிருக்கும் துண்டைத் தேடுங்கள். உச்சி மதிலில் சதுரப் பல் போன்ற மேடுகளை வரிசையாக ஒட்டுவதும் வழக்கமான சறுக்கல், ஐரிஷ் மதில்களில் அது பெரும்பாலும் படிபடியாக ஏறி இறங்கும்.

கூரைக்கு, கிளேரில் உள்ள பன்ராட்டி கோட்டையைப் பார்த்துக் காப்பியடித்தால், நீங்கள் காப்பியடிப்பது 1950களில் அதைப் புதுப்பித்தவர்களின் முடிவை. மரமெல்லாம் போன கூரையை நான் கண்ணாடி மாதிரி மங்கலாக விட்டுவிடுகிறேன். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.