முகவரியில் ‘எசெக்ஸ்’ என்று பார்த்ததும் பணம் அனுப்பிவிடாதீர்கள்

இங்கிலாந்துக்குப் படிக்க வருகிறவர்கள் ஊரிலிருந்தே அறை தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் மற்ற வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இ-விசா கணக்குக்குள் நுழைய முடிகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். வந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) பதிவு செய்யுங்கள், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கிடையாது. அதற்குக் கல்லூரி தரும் சான்றிதழை கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்லித் தருவார்கள்.

யாரும் எனக்குச் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. அது கவுண்டி பெயர். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி.

எனக்கு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அறை தேடியபோது ‘இல்ஃபோர்டு, எசெக்ஸ்’ என்று ஒரு விளம்பரம். தமிழ்க் குடும்பத்தின் வீடு, மாதம் 550 பவுண்டு, நடக்கிற தூரத்தில் தமிழ்க் கடை. கல்லூரியும் எசெக்ஸ், அறையும் எசெக்ஸ். நம்ம ஊரில் மாவட்டம் என்றால் மாவட்டம்தானே. போளூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கல்லூரி போகிற மாதிரி இருக்கும், அதிகம் போனால் ஒரு மணி நேர பஸ் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அட்வான்ஸும் மூன்று மாத வாடகையும் சேர்த்து 2,200 பவுண்டு. அப்பா பி.எஃப். பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வந்து இறங்கிய அன்று இரவு அந்த வீட்டு அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே, “காலையில யுனிவர்சிட்டிக்கு எந்த பஸ் அக்கா?” என்று கேட்டேன். கரண்டி அப்படியே நின்றது.

“கோல்செஸ்டரோ? அது கன தூரம் பிள்ளை. இது லண்டன் எல்லோ!”

மறுநாள் போய்ப் பார்த்தேன். இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைனில் ஷென்ஃபீல்டு, அங்கே வேறு ரயில் பிடித்து கோல்செஸ்டர். ரயில் பாதையே சுமார் 70 கிலோமீட்டர். பெரிய ஸ்டேஷன் நகரத்தின் வடக்கே இருக்கிறது, கல்லூரி வளாகம் கிழக்கே விவன்ஹோ பக்கம். அங்கிருந்து மறுபடி பஸ். வளாகத்துக்குக் கிட்டத்தில் இருப்பது ஹைத் என்ற சின்ன ஸ்டேஷன். காலை ஒன்பது மணி வகுப்புக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். இரண்டு வாரம் அப்படி ஓடினேன். ரயில் காசும் உடம்பும் தாங்கவில்லை. கோல்செஸ்டரிலேயே வேறு அறை பார்த்தேன். அந்த அக்கா ஒரு மாத வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். மீதி 1,650 பவுண்டு போனது போனதுதான். கேட்டால், “நான் பொய் சொன்னனானா?” என்றார். பொய் இல்லை. ஆனால் முகவரி பொய்யாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

விஷயம் இதுதான். இல்ஃபோர்டு ஒரு காலத்தில் உண்மையிலேயே எசெக்ஸ் கவுண்டியில்தான் இருந்தது. 1965-இல் கிரேட்டர் லண்டன் என்று ஒன்றை உருவாக்கியபோது சுற்றியிருந்த ஊர்களை அதில் சேர்த்தார்கள். இல்ஃபோர்டு ரெட்பிரிட்ஜ் பரோவுக்கு (லண்டனுக்குள் ஓர் உள்ளாட்சிப் பகுதி) போனது, ஈஸ்ட் ஹாம் நியூஹாமுக்கு, ரோம்ஃபோர்டு ஹேவரிங்குக்கு. ஆனால் இல்ஃபோர்டு, ரோம்ஃபோர்டு போன்ற இடங்களுக்குத் தபால் துறை பழைய கவுண்டி பெயரை மாற்றவில்லை. 1996-இல் முகவரிக்குக் கவுண்டியே தேவையில்லை என்று ராயல் மெயில் சொல்லிவிட்டது. ஜனங்கள் விடவில்லை. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்த பிறகும் எங்கள் வீட்டுக்கு ‘வ.ஆ. மாவட்டம்’ என்று எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தனவே, அதே கதைதான்.

எசெக்ஸ் மட்டும் இல்லை. ஹாரோ, வெம்ப்ளி, சவுத்ஹால் பக்கம் போனால் எல்லா முகவரியிலும் ‘மிடில்செக்ஸ்’. அந்தக் கவுண்டி நிர்வாகமே 1965-இல் ஒழிந்துவிட்டது. பெயர் மட்டும் கிரிக்கெட் அணியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது. வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி ஐசில்வொர்த்தில், நார்த் மிடில்செக்ஸ் எட்மன்டனில், லண்டனின் இரண்டு கோடிகளில். டாக்ஸிக்காரரிடம் ‘மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி’ என்று மட்டும் சொல்லி ஏறாதீர்கள். கிராய்டனை இன்னும் ‘சர்ரே’ என்று எழுதுகிறார்கள், சர்ரே பல்கலைக்கழகம் இருப்பது கில்ஃபோர்டில். பிராம்லியை ‘கென்ட்’ என்பார்கள், கென்ட் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் இருப்பது கேன்டர்பரியில். இந்த இரண்டு இடத்திலும் எனக்கு நடந்தது அப்படியே உங்களுக்கும் நடக்கலாம்.

பெயர் கடல் தாண்டியும் போயிருக்கிறது. கனடாவில் ஒன்டாரியோவில் ஓர் எசெக்ஸ் கவுண்டி, அதற்குள்ளேயே ஒரு கோல்செஸ்டர். அமெரிக்காவில் வெர்மான்ட்டில் எசெக்ஸும் கோல்செஸ்டரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நியூ ஜெர்சியில் எசெக்ஸும் மிடில்செக்ஸும் சஸ்செக்ஸும் தனித்தனிக் கவுண்டிகள். கூரியர் தளத்தில் ஊர் பெயரை அடித்ததும் முதலில் வருவதைத் தேர்ந்தெடுக்காமல் நாட்டையும் பாருங்கள். லண்டனுக்குள்ளேயே ‘எசெக்ஸ் ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அது இஸ்லிங்டனில் இருக்கிறது.

பிரபுக்களின் பட்டங்களை வைத்தும் இடத்தைக் கணக்கிட முடியாது. சிவகங்கை ஜமீன் என்றால் அரண்மனை சிவகங்கையில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. நார்ஃபோக் டியூக்கின் கோட்டை சஸ்செக்ஸில் அருண்டெல் ஊரில். டெவன்ஷயர் டியூக்கின் மாளிகை டார்பிஷயரில். எசெக்ஸ் ஏர்ல் குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்தது ஹார்ட்ஃபோர்டுஷயரில் உள்ள வாட்ஃபோர்டில், அந்த மாளிகையை 1927-இல் இடித்துவிட்டார்கள். இந்தப் பட்டப் பெயர்களை ஊர் ஊராகத் தெருவுக்கும் பப்புக்கும் வைத்திருப்பதால் ‘நார்ஃபோக் ரோடு’ எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

சாப்பாட்டிலும் கவனம் தேவை, குறிப்பாக மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சாப்பிடாதவர்களுக்கு. ஹெரிஃபோர்டு என்பது ஊர், கூடவே மாட்டு இனம். ‘ஹெரிஃபோர்டு பர்கர்’ என்றால் அந்த ஊர் பக்குவம் என்று நினைத்து என் அறைத்தோழி ஒருத்தி வாங்கிவிட்டாள், வீட்டில் அப்படி அழுதாள். ஆங்கஸ் என்றாலும் மாடுதான். பெர்க்ஷயர் என்று இறைச்சியில் போட்டிருந்தால் பன்றி. சஃபோக் என்றால் பெரும்பாலும் கறுப்பு முகம் கொண்ட ஆட்டினம், அந்த ஆடு வளர்ந்தது சஃபோக்கில்தான் என்ற கட்டாயம் இல்லை. எசெக்ஸுக்கும் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றி இனம் ஒன்று இருந்தது. 1967-இல் அதை வெசெக்ஸ் இனத்தோடு சேர்த்து ‘பிரிட்டிஷ் சேடில்பேக்’ ஆக்கிவிட்டார்கள். பழைய கவுண்டி பெயரை விடாத ஜனங்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். யார்க்ஷயர் புட்டிங்கில் இறைச்சி இல்லை, மாவும் முட்டையும் பாலும்தான். ஆனால் மாட்டுக் கொழுப்பில் சுடும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டு எடுங்கள்.

சரி, அறைக்கு வருவோம். விளம்பரத்தில் கவுண்டியை விரலால் மறைத்துக்கொண்டு போஸ்ட்கோடை மட்டும் பாருங்கள். எசெக்ஸ் என்று எழுதும் முகவரிகளில் முதல் இரண்டு எழுத்து ‘ஐஜி’ என்றால் இல்ஃபோர்டு, பார்க்கிங் (Barking) ஊர்களின் வட்டாரம். ‘ஆர்எம்’ ரோம்ஃபோர்டு. ‘சிஎம்’ செல்ம்ஸ்ஃபோர்டு. ‘எஸ்எஸ்’ சவுத்தெண்டு. ‘சிஓ’ என்றால்தான் கோல்செஸ்டர் வட்டாரம். அதிலும் முழு போஸ்ட்கோடைக் கேட்டு வாங்கி, உங்கள் கல்லூரி வளாகத்தின் போஸ்ட்கோடையும் மேப்பில் போட்டு, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். முழு போஸ்ட்கோடு தர மறுக்கிறவருக்கு ஒரு பவுண்டுகூட அனுப்பாதீர்கள். இன்னொன்று, அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும் என்ற சட்டம் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் பொருந்தாது. எனக்கு அதுவும் அப்போது தெரியாது.

பணம் போனதை அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. அவர் முப்பது வருடம் தபால் ஆபீஸில் இருந்தவர். திட்டவில்லை. “மாவட்டத்தைப் பார்த்தா தபால் பிரிப்போம்? அந்த ஊர்ல பின்கோடு இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டார். பணம் அனுப்பும் முன் அவரிடம் முகவரியைக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பொங்கலுக்கு வடகமும் பருப்புப் பொடியும் வைத்து பார்சல் அனுப்பினார். மேலே அவர் கையெழுத்து. என் பெயர், கதவு எண், தெரு, கோல்செஸ்டர். எசெக்ஸ் என்ற சொல்லே இல்லை. கடைசி வரியில் போஸ்ட்கோடை பெரிய எழுத்தில் எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.