பழைய தாவரச் சுவர்ப்படம் வாங்குகிறீர்களா? முதலில் ஓரத்தைப் படியுங்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அந்தக் காலத்துப் பள்ளி வகுப்பறைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்திய தாவரப் படம்; கறுப்புப் பின்னணியில் பெரிய உருளைக்கிழங்குச் செடி. "1890களில் அச்சானது, சார்" என்றார். அந்தப் பெருமிதக் குரல் எனக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் அது என் குரல். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றை வாங்குபவர்கள் செய்யும் வேறு சில தவறுகளைத்தான் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்து வயது சொல்வது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். இந்தக் கறுப்புப் படங்கள் ஜெர்மனியில் ஹைன்ரிச் யுங், கோட்லீப் ஃபான் கோஹ், ஃபிரீட்ரிஹ் க்வென்டெல் ஆகிய மூவர் பெயரில் 1890களில் வெளிவரத் தொடங்கின. வெளிர்நிறப் பூவும் வேரும் கறுப்பின்மேல் பளிச்சென்று தெரியும். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் அதுவே போதும். பள்ளிகள் விரும்பி வாங்கியதால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் ட்யூசெல்டார்ஃப் நகரின் ஹாகமன் பதிப்பகம் அதே படங்களை அச்சிட்டு விற்றது. ஆகவே ஓவியத்துக்கு நூற்றைத் தாண்டிய வயது இருக்கலாம். நீங்கள் வாங்கிய தாளுக்கு அதில் பாதிகூட இல்லாமல் போகலாம்.

நான் வாங்கியதும் உருளைக்கிழங்குதான். "கைசர் காலத்தது", அதாவது ஜெர்மன் பேரரசர் காலத்தது, என்றார் விற்றவர். பேரம் பேசுவதே அவமரியாதை என்று நினைத்துக் கேட்ட தொகையைக் கொடுத்தேன். ஒரு வருடம் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதன் முன் நிறுத்தி உரையாற்றினேன். பிறகு ஒருநாள் தூசி தட்டும்போது கீழ் ஓரத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தேன். பதிப்பகத்தின் பெயர், அடுத்து, ஊர்ப் பெயருக்கு முன்னால் நான்கு இலக்க அஞ்சல் எண். மேற்கு ஜெர்மனியில் அந்த எண்முறை வந்ததே 1961இல். கைசரோ 1918இலேயே முடிதுறந்துவிட்டார். விற்றவர்மீது எனக்குக் கோபமில்லை. முதல் நாளிலிருந்தே கண்ணெதிரே இருந்த எண்ணை ஒரு வருடம் படிக்காமல் இருந்தேனே, அதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

எனவே படத்தை ரசிப்பதற்கு முன் ஓரத்துக்குப் போங்கள். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949க்குப் பிந்தையது. பிறகு பூதக்கண்ணாடியை எடுங்கள். ஒரே சீரான வரிசையில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆப்செட் என்னும் பிற்கால இயந்திர அச்சு. கல்லில் வரைந்து அச்சிடும் பழைய வண்ணக் கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை போல ஒழுங்கற்றுக் கிடக்கும். ஆனால் ஒழுங்கற்ற புள்ளி ஒன்றை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிவிடாதீர்கள். கல்லச்சு இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டது.

ஓரத்தை வெட்டிச் சட்டம் போடுவது

அந்த இளைஞரிடம் கீழ் ஓரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சட்டம் போட்டவர் வெட்டி எறிந்துவிட்டாராம்.

பாயை உதறுவது போல விரிப்பது

அக்காலத்து மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டு. வயதாக ஆக அப்பளம் போல ஆகிவிடும். அதன்மேல் பூசிய வார்னிஷும் காய்ந்து இறுகியிருக்கும். பின்னால் ஒட்டிய லினன் துணி வளைந்து கொடுக்கும், தாள் கொடுக்காது. பல வருடம் சுருட்டிக் கிடந்த படத்தை, அதன் அடியில் கோத்திருக்கும் கோலின் கனத்தில் தொங்கவிட்டால் குறுக்கே வரிவரியாக வெடிக்கும். மேசைமேல் வைத்து, ஒரு சாண் அளவு விரித்து, துணி சுற்றிய எடைகளை வைத்துக் காத்திருங்கள். படபடவென்று சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு, பழைய தாள்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீராவி காட்டினால் இளகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வார்னிஷ் வெளுத்துப் பால்போலாகிவிடும்.

ஒரே செடியின் உருவம் என்று நினைப்பது

படத்தில் உள்ள மொட்டு, பூ, காய், விதை எல்லாம் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே செடியில் இப்படி நிற்பதில்லை. ஆசிரியரின் வசதிக்காகச் சேர்த்தவை.

பேராசிரியர் பெயரோடு நின்றுவிடுவது

டார்வினுக்குக் கேம்பிரிட்ஜில் தாவரவியல் கற்பித்த ஹென்ஸ்லோவின் பெயரில் 1857இல் ஒன்பது படங்கள் வந்தன. ஆனால் அவற்றை வரைந்தவர் வால்டர் ஃபிட்ச் என்ற ஓவியர். 1878 முதல் 1883 வரை வெளிவந்த 42 படங்களை 'டோடல்-போர்ட்' என்று ஒற்றைப் பெயரில் பட்டியலிடுகிறார்கள். அர்னால்ட், கரோலினா என்று கணவன் மனைவி இருவர் அவர்கள். என் பழைய குறிப்பேட்டிலும் அர்னால்ட் மட்டும்தான் இருந்தார். பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்.