மென்மையான .357 மேக்னம் ரிவால்வர் தோட்டா: எந்த வெடிமருந்து?

தோட்டாவை நாமே நிரப்பும்போது, சுடுகையில் வரும் உதைப்பைக் குறைக்க எச்110 வெடிமருந்தின் அளவைக் குறைப்பது ஆபத்து. தோட்டாக் கூடு நிறைந்து அழுத்தம் ஏறினால்தான் அது ஒழுங்காக எரியும். இல்லையேல் குண்டு குழலிலேயே சிக்கலாம். 158 கிரெயின் (சுமார் 10 கிராம்) வார்ப்பு ஈயக் குண்டுக்கு வேகமாக எரியும் எச்பி-38 மருந்துக்கு மாறினேன், தீர்ந்தது. டைட்குரூப் மருந்து சிக்கனம், ஆனால் சூடு அதிகம், குண்டில் பூசிய மெழுகு புகையும். டிரெயில் பாஸ் மருந்து கூட்டை நிறைக்கும், இப்போது கிடைப்பது அரிது.

எச்பி-38 கொஞ்சமே போடுவதால், நீண்ட கூட்டில் தவறி இருமுறை விழுந்தாலும் வழியாது, கண்ணுக்குத் தப்பிவிடும். குண்டை அமர்த்துமுன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பாருங்கள். மருந்தின் எடைக்கு, அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவன அட்டவணையின் தொடக்க அளவே போதும்.

குழலில் ஈயம் ஒட்டினால் மருந்தைத் திட்டாதீர்கள். குண்டின் விட்டம் சிலிண்டர் வாய்க்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள், பெரும்பாலும் .358 அங்குலம்.